வல்லாரையின் காம்பு காட்டும் நிழல் கணக்கு

வாய்க்கால் வரப்பில் வெயில் படும் பக்கம் முளைத்த வல்லாரையையும், அதே வரப்பில் வாழைக்கு அடியில் முளைத்த வல்லாரையையும் பறித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே கீரைதானா என்று கொஞ்சம் யோசிக்கத் தோன்றும். வெயில் பக்கத்துச் செடி தரையோடு ஒட்டிக் கிடக்கும். இலை சின்னது, தடித்தது, சில சமயம் ஓரத்தில் செம்மை ஓடியிருக்கும். காம்பு விரல் நீளம்கூட இராது. வாழை நிழல் செடிக்கோ காம்பு ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், நுனியில் அகலமான, மெல்லிய இலை. செடியின் ரகம் வேறு என்று நினைக்க வேண்டாம். ஒரே செடியின் ஓடுதண்டு வெயிலிலிருந்து நிழலுக்கு ஊர்ந்து போனாலும் இந்த வித்தியாசம் வரும்.

வல்லாரை பல ஆண்டு வாழும் தரைபடர் செடி. கொத்தமல்லி, சோம்பு, கேரட் எல்லாம் இதன் குடும்பத்தார். பூ பூக்கும், ஆனால் இலைக்கு அடியில் மண்ணை ஒட்டி, ஊதா கலந்த துளித்துளிப் பூக்கள், தேடினால்தான் தெரியும். "வல்லாரை உண்டவனிடம் மல்லாடாதே" என்று அதன் மருத்துவப் பெருமையைப் பேசுவோர் ஏராளம், அதை அவர்களிடமே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது அந்தக் காம்பு. செடிக்கு வெளிச்சம் போதுமா, கூடிவிட்டதா என்பதை அதைப் போல நேராகச் சொல்வது வேறு எதுவும் இல்லை.

காம்பு ஏன் நீள்கிறது? வெளிச்சம் குறைந்தால் நீளும் என்று சொன்னால் பாதி உண்மைதான். மரத்தின் இலை சூரிய ஒளியிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு அவைதான் முக்கியம். சிவப்புக்கு அடுத்த தொலைசிவப்பு என்னும் ஒளியை அது கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை, கீழே விட்டுவிடுகிறது. நம் கண்ணுக்கு அந்த ஒளி அநேகமாகத் தெரியாது. திறந்த வெளியில் சிவப்பும் தொலைசிவப்பும் ஏறத்தாழச் சமமாக, சிவப்பு ஒரு பிடி கூடுதலாக இருக்கும். அடர்ந்த மரத்தின் அடியில் சிவப்பின் பங்கு தொலைசிவப்பில் ஐந்தில் ஒன்றாகவும், அதற்குக் கீழும் இறங்கிவிடும்.

இந்த விகிதத்தை அளக்கும் நிறமி செடிக்குள் இருக்கிறது. அதன் பெயர் பைட்டோகுரோம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் உள்ள அரசு வேளாண் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் 1952இல் வெளியிட்ட லெட்டூஸ் விதைச் சோதனைதான் இதற்கு வழி காட்டியது. விதை மேல் சிவப்பு ஒளி பட்டால் முளைத்தது. அடுத்துத் தொலைசிவப்பு பட்டால் முளைக்க மறுத்தது. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்துகொண்டது. ஒரே நிறமி இரண்டு வடிவங்களுக்கு இடையே போய்வருகிறது என்பது அதில் புலப்பட்டது. சிவப்பு அதைச் செயல்படும் வடிவுக்குத் தள்ளும். தொலைசிவப்பு திருப்பி இழுக்கும். 1959இல் அந்த நிறமியையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

செயல்படும் வடிவம் நிறைய இருக்கும்வரை நீளும் வேகம் அடக்கி வைக்கப்படும். அது குறைந்தால் பிடி தளரும்; ஆக்சின் முதலான வளர்ச்சி ஹார்மோன்களின் வேலை கூடும். நெட்டையாக வளரும் செடியாக இருந்தால் தண்டு நீளும். வல்லாரையின் தண்டோ தரையில் படுத்துக் கிடப்பது. அது எவ்வளவு நீண்டாலும் இலை ஒரு அங்குலம்கூட மேலே வராது. அதனால் உயரும் பொறுப்பு இலைக்காம்புக்குப் போய்விட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வீட்டுச் சுவரின் நிழலும் மர நிழலும் ஒன்றல்ல. சுவர் எல்லா நிறத்தையும் சேர்த்தே மறைக்கிறது, விகிதம் பெரிதாக மாறாது. நீல ஒளி குறைவதால் சுவர் நிழலிலும் காம்பு ஓரளவு நீளும்; ஆனால் 'மேலே யாரோ நம்மை மூடுகிறார்கள்' என்ற செய்தி மர நிழலில்தான் பலமாக வரும்.

சரி, இலைக்கு வருவோம். ஒவ்வொரு செடிக்கும், தயாரிக்கும் சர்க்கரையும் சுவாசத்தில் செலவழிக்கும் சர்க்கரையும் சமமாகும் ஒரு வெளிச்ச அளவு உண்டு. அதற்குக் கீழே போனால் இலை நஷ்டத்தில் ஓடும். வெயில் செடிகளுக்கு அது உச்சி வெயிலில் ஏறக்குறைய 100இல் 1 பங்கு. நிழலில் விரிந்த இலைக்கு அதைவிட வெகுவாகக் குறைவு, ஏனென்றால் அந்த இலையை நடத்தும் செலவு சிறியது. செல் அடுக்குகள் குறைவு, புரதம் குறைவு, சுவாசமும் குறைவு. இருக்கும் முதலையெல்லாம் பச்சையத்தில் போட்டு, கிடைக்கும் ஒளியை அள்ளுவதிலேயே குறியாக இருக்கும்.

அதே இலையைத் திடீரென்று சித்திரை வெயிலில் வைத்தால் அந்தச் சிக்கனம் வினையாகிவிடும். கூட்டத்தையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு, பந்தி பரிமாற நாலே பேரை வைத்திருக்கும் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும். பச்சையம் ஒளியை அள்ளித் தருகிறது, கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் நொதிகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனைத் தீவிர வடிவுக்கு மாற்ற, அது ஒளியைப் பிடிக்கும் அமைப்பையே சிதைக்கிறது. டி1 என்ற புரதம்தான் முதலில் அடிபடும். செடி அதை ஓயாமல் பழுதுபார்க்கும். சேதம் முந்திக்கொண்டால் இலை வெளுத்து ஓரம் கருகும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தும் ஏன் கருகுகிறது என்று கேட்பவர்களுக்குப் பல சமயம் பதில் இதுதான்.

கருகிய இலை தேறாது. விரிந்த இலையின் தடிமன் அது விரியும் காலத்திலேயே முடிவாகிவிடுகிறது, பிற்பாடு பெரிதாக மாற்ற இயலாது. புது இலைதான் புது வெளிச்சத்துக்கு ஏற்ப வரும். நாற்றங்காலில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த செடியை வாங்கி வந்தால், முதலில் நிழலான மூலையில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக இடம் மாற்றுங்கள். நடுவில் பழைய இலைகள் சில மஞ்சளாகி விழும். பதற வேண்டாம், குருத்து எப்படி வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

எந்த நிழல் நல்லது என்றால், அசையும் நிழல். முருங்கை, தென்னை அடியில் காற்றடிக்கும்போது ஒளிப்பொட்டுகள் தரையில் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் சில விநாடியோ சில நிமிடமோதான். ஆனால் நிழலில் வாழும் செடிக்கு ஒரு நாள் வருமானத்தில் கணிசமான பங்கு இவற்றிலிருந்தே வருகிறது. முதல் பொட்டு பெரும்பாலும் வீண்; நொதிகள் விழித்து இலைத்துளைகள் திறக்கவே பல நிமிடம் ஆகும். அப்புறம் வரும் பொட்டுகளை இலை சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒளி நகர்ந்த பிறகும் சில விநாடி, கையில் இருக்கும் ஆற்றலைக் கொண்டு சர்க்கரை தயாரிப்பு தொடரும். அடர்ந்த மாமரத்தடியில் இந்தப் பொட்டுகளே விழாது. அங்கே வல்லாரை சாகாமல் கிடக்கும், அவ்வளவுதான். வரவேற்பறை மேசைக்கு வல்லாரை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. அது அரை நிழல் செடி, இருட்டுச் செடி அல்ல. காலை இளவெயில் படும் கிழக்குப் பால்கனி போதும். மொட்டை மாடி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டலாம்.

இனி காம்பை எப்படிப் படிப்பது? காம்பு குட்டை, இலை சிறிசு, செம்மை என்றால் வெளிச்சம் கூடுதல். நீண்ட காம்பு நிமிர்ந்து நின்று, இலை அகன்று, கரும்பச்சையாக இருந்தால் அதுதான் கீரைக்கு ஏற்ற நிலை. காம்பு இலையைத் தாங்க முடியாமல் சாய்ந்து, இலையும் வெளிறினால் வெளிச்சம் போதவில்லை.

நடுவதற்கு விதை தேடி அலைய வேண்டாம். ஓடுதண்டின் ஒவ்வொரு கணுவிலும் கீழே வேர், மேலே இலைக்கொத்து. இரண்டு மூன்று வேர்விட்ட கணுக்களோடு ஒரு துண்டை வெட்டி, கணு மண்ணைத் தொடும்படி, ஒரு சாண் இடைவெளியில் பதித்தால் போதும். வேர் மேலாகவே ஓடுவதால் ஆழத் தொட்டி தேவையில்லை, அகலத் தொட்டிதான் தேவை. செம்மண்ணோடு மட்கிய தொழு உரம் தாராளமாகக் கலக்கலாம். மேல்மண் காயவே கூடாது.

புதிதாக வேர்விட்ட குட்டியைத் தாயிடமிருந்து உடனே வெட்டிவிடாதீர்கள். இத்தகைய செடிகளில் ஓடுதண்டு அறுபடாத வரை அதன் வழியே தண்ணீரும் சர்க்கரையும் போய்க்கொண்டிருக்கும். காய்ந்த மண்ணில் மாட்டிய குட்டி, ஈரத்தில் இருக்கும் தாயால் பிழைக்கும். இங்கிலாந்தின் நிழல் தரைகளில் படரும் கிளெக்கோமா என்ற செடியை வைத்து ஸ்லேட், ஹட்சிங்ஸ் இருவரும் 1987இல் ஒன்றைக் காட்டினார்கள். ஊட்டமான மண்ணில் அதன் கணுக்கள் நெருக்கமாகி, கிளைகள் பெருகின. ஊட்டமற்ற மண்ணில் கணுவிடை நீண்டு, செடி அந்த இடத்தைக் கடந்து ஓடியது. தொட்டியில் வல்லாரை இலை விடாமல் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடிக்கொண்டிருந்தால் முதலில் உரத்தைக் கவனியுங்கள்.

நட்டு இரண்டு மூன்று மாதத்தில் பறிக்கலாம். முற்றிய இலைகளைக் காம்போடு கிள்ளுங்கள், நடுக்குருத்தில் கை வைக்காதீர்கள். நத்தைக்கு இந்த ஈரமும் நிழலும் சொர்க்கம். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் சுலபம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். வல்லாரை மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். சாக்கடை ஓரத்திலும் சாலையோரக் கால்வாயிலும் கொழுகொழுவென்று வளர்ந்திருப்பதைப் பறித்துத் துவையல் அரைக்க வேண்டாம். கழுவினால் இலைமேல் ஒட்டிய சேறு போகும், உள்ளே ஏறிய உலோகம் போகாது. அங்கிருந்து நாற்றாக ஒரு துண்டு எடுத்து வந்து சுத்தமான மண்ணில் வைத்தால் தவறில்லை. வந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, புதுக் கணுக்கள் வேர்விட்டுத் தரும் இலையிலிருந்து பறிக்கத் தொடங்கலாம்.