மாணவர் கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள்

"ஏம்மா, இதெல்லாம் உனக்கு எதுக்கு? பெரிய டாக்டரைக் கூப்பிடு." பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவியிடம் சொன்னது இது. அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா? ஈறு பழுப்பாக இருப்பதையும் முகம் வீங்கியிருப்பதையும் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். கிடைத்த பதில், "ஒண்ணும் கொடுக்கல." ஆசிரியரான நான் வந்து அதையே கேட்டபோது, முந்தைய ராத்திரி அரை பாராசிட்டமால் கொடுத்தது வெளியே வந்தது. பூனைக்கு அது விஷம். முறிமருந்து இருக்கிறது, ஆனால் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். இப்படி ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்த்து அலுத்துப்போய்தான் எழுதுகிறேன்.

பயிற்சி மருத்துவமனைக்கு வருகிற பலருக்கும் மனதில் ஓடுவது ஒன்றுதான்: "என் நாயை வைத்துப் பழகிப் பார்க்கிறார்கள்." இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை. உங்கள் நாயின் பக்கத்தில் வருவதற்கு முன் அந்தப் பிள்ளைகள் இறந்த உடல் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் நெடியில் நின்று எலும்பு எலும்பாக, தசை தசையாகப் படித்திருக்கிறார்கள், அதுவும் ஒரே உயிரினத்தை அல்ல, நாய், மாடு, குதிரை, கோழி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக. ஊசி குத்துவதும் தையல் போடுவதும் முதலில் பொம்மைக் காலிலும் செயற்கைத் தோலிலும்தான். சினைப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் வரை கையுறை மாட்டி, மாட்டின் மலக்குடலுக்குள் கையை விட்டு, அதன் சுவர் வழியாகக் கருப்பையைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே மாணவரின் விரல் எதைத் தொடுகிறது என்று பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கே தெரியாது. அதனால்தான் தொடு உணர்வைத் தருகிற கணினி மாடுகள்கூட வந்துவிட்டன. (இவ்வளவுக்கும் பிறகு நிஜ மாட்டில் முதல்முறை கைவிட்ட பையனிடம் என்ன தெரிகிறது என்று கேட்டால், "சாணிதான் சார் தெரியுது" என்பான். எல்லோருக்கும் அப்படித்தான்.)

அப்புறம்தான் ஓபி. மூக்கில் தொடங்கி வால் வரை வரிசையாகப் பார்ப்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சைக் கேட்கும்போதே இன்னொரு கை பின்தொடையின் உட்பக்கம் நாடியைப் பிடித்திருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் நாடி வந்து சேர்கிறதா என்று. பார்த்து முடித்ததும் என்னிடம் வந்து என்ன நோயாக இருக்கலாம், எதை விலக்கினேன், ஏன் என்று சொல்ல வேண்டும். நான் மறுபடி தொட்டுப் பார்ப்பேன். மருந்தளவை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, அது எத்தனை மில்லி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சிரிஞ்சைத் தொட விடுவோம், ஏனென்றால் புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு. ஆக உங்கள் பிராணிக்குக் கூடுதலாக ஒரு ஜோடிக் கண் கிடைக்கிறதே தவிர எதுவும் குறைவதில்லை. நேரம் கொஞ்சம் ஆகும், அது உண்மைதான். மாணவர்களை நோய் பார்க்க அனுப்புவது நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கிய முதல் கால்நடை மருத்துவப் பள்ளியே மாட்டுக் கொள்ளைநோய் பரவிய இடங்களுக்கு மாணவர்களைத்தான் அனுப்பியது.

வகுப்பில் மண்டையில் ஏற்றும் வரை நாங்கள் விடாத விஷயம், ஒரு உயிரினத்தின் கணக்கு இன்னொன்றுக்குச் செல்லாது என்பது. பூனையின் கல்லீரலால் பாராசிட்டமாலைச் சரியாக முறிக்க முடியாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரை என்ற பேச்சே கிடையாது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் மயக்கத்தில் வாந்தி வராமல் இருக்க நாய்க்குச் சொல்கிற மாதிரி ஆபரேஷனுக்கு முன் ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சிழுக்க உதவும் தசை) இல்லை, நெஞ்சை அழுத்திப் பிடித்தால் மூச்சே நின்றுவிடும். இதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வருகிற பிள்ளையிடம்தான் "சும்மா ஒரு ஊசி போட்டு அனுப்பும்மா" என்கிறீர்கள்.

சரி, வரும்போது என்ன செய்ய வேண்டும்? கொடுத்த மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள், பெயர் மறந்துவிட்டது என்று நிற்காதீர்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள், திட்ட மாட்டோம். (கொஞ்சம் திட்டுவோம், பரவாயில்லை.) எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, சினையா இல்லையா, இதையெல்லாம் மாணவர் கேட்டாலும் எனக்குச் சொல்வது போலவே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து. "எங்க நாய் கடிக்காது" என்று சொல்லி வாய்ப்பூட்டு போட விடாமல் தடுக்காதீர்கள். வலியில் இருக்கிற நாய் யாரையும் கடிக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருந்தாலும், சந்தேகமான கடி பட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடியும் அவர்கள்தான் ஊசிக்குப் போய் நிற்க வேண்டும்.