ஒரு மலைக்குக் கனம் வந்த விதம்

தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் ஆயிரம் ஆண்டுப் பழமையான பட்டுச் சுருள் ஒன்று இருக்கிறது. உயரம் 206.3 சென்டிமீட்டர், அகலம் 103.3. 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே வழிப்போக்கர்கள்' என்பது ஓவியத்தின் பெயர். அந்த வழிப்போக்கர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே வலது ஓரத்தில் பொதி சுமக்கும் விலங்குகளை ஓட்டிக்கொண்டு இருவர் போகிறார்கள். அவர்களுக்கு மேலே, சுருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொண்டு ஒரே மலை செங்குத்தாக நிற்கிறது. அச்சுப் படத்தில் பார்த்தபோதுகூட எனக்கு அண்ணாந்து பார்ப்பது போலவே இருந்தது. மெல்லிய பட்டில் இத்தனை கனம் எப்படி ஏறியது?

வரைந்தவர் ஃபான் குவான். சீனாவை ஆண்ட வட சொங் அரசர்கள் காலத்தவர். ஷான்ஷி பகுதியைச் சேர்ந்தவர். 'குவான்' என்பது அவருடைய தாராள குணத்துக்காக ஊரார் வைத்த பெயர். மதுப்பிரியர், நாசூக்கு அறியாதவர் என்கின்றன பழைய குறிப்புகள். தொடக்கத்தில் லீ செங் என்ற முன்னோடியின் பாணியைப் பின்பற்றினார். பிறகு, மனிதரிடம் கற்பதைவிடப் பொருள்களிடமே கற்பது மேல், அதைவிடத் தன் மனத்திடம் கற்பது மேல் என்று முடிவுசெய்து, ஜோங்நான் மலைப்பகுதிக்குக் குடிபோனார். பனி கொட்டும்போதும் நிலாக் காயும்போதும் அங்கே சுற்றித் திரிந்து, பாறைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அந்தப் பார்வையின் பலன் பாறையின் தோலில் தெரிகிறது. முதலில் தடித்த, முறிந்து முறிந்து செல்லும் கோட்டால் பாறையின் விளிம்பை வரைந்தார். பிறகு தூரிகை நுனியால் குத்திக் குத்தி, ஆயிரக்கணக்கான சிறு தீற்றல்களால் உட்புறத்தை நிரப்பினார். 'மழைத்துளித் தீற்றல்' என்று பின்னாளில் இதற்குப் பெயர் வந்தது. துளிகள் நெருங்கும் இடம் பள்ளமாகவும், விலகும் இடம் புடைப்பாகவும் நம் கண்ணுக்குப் படுகிறது. காற்றும் மழையும் அரித்த கல்லின் சொரசொரப்பு கைக்கே தட்டுப்படுவது போல் இருக்கிறது.

ஆனால் மலையை உண்மையில் உயர்த்துவது, அவர் வரையாமல் விட்ட இடம்தான். மலையடிவாரத்தில் மூடுபனி, அங்கே ஏறக்குறைய வெறும் பட்டு. காலடியிலிருந்து விரியும் தரையை அளவுகோலாகக் கொண்டே நம் கண் தொலைவைக் கணிக்கிறது. பனி அந்தத் தரையை அறுத்துவிடுகிறது. மலை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்குத் துப்பே இல்லை. எஞ்சுவது உச்சியில் புதர் போல் மண்டிய மரங்களும், பிளவில் நூலாக இறங்கும் அருவியும். அவை மரங்கள் என்று உணர்ந்த கணத்தில் மலை பலமடங்கு வளர்ந்துவிடுகிறது. பார்வைக்கோணமும் ஒன்றல்ல: முன்பாறையும் நடுக்காடும் மலையும் தனித்தனியே நேருக்கு நேர் நிற்கின்றன. எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியில் போய்ச் சேரும் பிற்கால ஐரோப்பிய முறையில் இந்த மலை சற்றுச் சிறுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பட்டில் விழுந்த மையை அழித்துத் திருத்த வழியில்லை என்பதையும் நினைத்துக்கொண்டு அந்தத் துளிகளைப் பார்க்க வேண்டும். சீன மை என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் கலந்தது. கரி வெளிச்சத்தில் வெளுக்காது. அதனால் தீற்றல்கள் இன்றும் கருமை மாறாமல் இருக்கின்றன. பட்டோ புரதம், ஒளியும் காற்றும் தாக்கி நாளடைவில் பழுப்பேறிவிடும். ஃபான் குவான் கண்ட மூடுபனி இன்றைவிட வெளிறியிருக்கும், மலை அதிலிருந்து இன்னும் துலக்கமாக எழுந்து நின்றிருக்கும்.

இந்த ஓவியம் அவருடையதுதான் என்பதற்கு வலுவான சான்று 1958இல்தான் கிடைத்தது. ஆய்வாளர் லீ லின்-சான், பொதி விலங்குகளுக்குப் பின்னால் இருக்கும் இலைக்கொத்தில் இரண்டே எழுத்துகளைக் கண்டார்: ஃபான் குவான்.