புக்கிக்கு ஜோசியம் தெரிய வேண்டியதில்லை

குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று, பந்தயப் பணம் வாங்கும் புக்கிக்கு முன்கூட்டியே தெரியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தெரிந்தால்தானே ‘ஒன்றுக்கு இரண்டு’, ‘ஒன்றுக்கு மூன்று’ என்று விகிதம் சொல்ல முடியும்? ஆனால் அவருடைய முழுப்பெயர் புக்மேக்கர். குறி சொல்பவர் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ‘புக்’ என்பது யார் எந்தக் குதிரைமேல் எவ்வளவு கட்டினார்கள் என்று எழுதிவைக்கும் கணக்கு நோட்டு. நோட்டைச் சரியாக வைத்துக்கொள்கிறவர் புக்கி, அவ்வளவுதான்.

மூன்றே குதிரைகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கறுப்புக்கு ஒன்றுக்கு ஒன்று: ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் கட்டிய ரூபாயும் திரும்பும், மேலே ஒரு ரூபாயும் வரும். சிவப்புக்கு ஒன்றுக்கு இரண்டு, வெள்ளைக்கு ஒன்றுக்கு மூன்று. கட்டிய ஒரு ரூபாயை, ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தத்தால் வகுத்து இவற்றை வெற்றி வாய்ப்பாக மாற்றினால் முறையே 50, 33.3, 25 சதவீதம். கூட்டிப் பாருங்கள், 108.3 வருகிறது. ஏதாவது ஒரு குதிரைதான் ஜெயிக்கும் என்பதால் நியாயப்படி 100-க்கு மேல் போகக் கூடாது. அந்த அதிகப்படி 8.3-தான் புக்கியின் பிழைப்பு.

எப்படி? கறுப்பின்மேல் 600, சிவப்பின்மேல் 400, வெள்ளையின்மேல் 300 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கையில் 1,300. கறுப்பு ஜெயித்தால் கொடுக்க வேண்டியது 1,200. சிவப்பு ஜெயித்தாலும் 1,200. வெள்ளைக்கும் அதேதான். எது முதலில் வந்தாலும் நூறு ரூபாய் பையில். அவர் ஓட்டத்தைப் பார்க்காமல் டீ குடிக்கப் போகலாம்.

நடைமுறையில் பணம் இப்படி அளந்து வைத்தாற்போல் வராது. திடீரென்று இன்னொரு 600 ரூபாய் கறுப்பின்மேல் விழுந்தால், அது ஜெயிக்கும்போது 2,400 கொடுக்க வேண்டும். கையில் இருப்பதோ 1,900. உடனே கறுப்பின் விகிதத்தைக் குறைப்பார், மற்ற இரண்டுக்கும் ஏற்றிவிடுவார். கறுப்பின்மேல் கட்ட ஆசை குறையும், பணம் மறுபக்கம் ஒதுங்கும். கறுப்புக் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் கால்கள் பழைய கால்கள்தான். மாறியது கூட்டத்தின் மனசு.

இங்கிலாந்து மைதானங்களில் இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு புக்கியிடமிருந்து இன்னொருவருக்குக் கடத்த ‘டிக்-டாக்’ ஆட்கள் இருந்தார்கள். தூரத்திலிருந்து தெரிய வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, தலை, மூக்கு, தோள் என்று தொட்டுத் தொட்டு எண்களைச் சொல்வார்கள். மொபைல் போன் வந்தது, அவர்கள் போய்விட்டார்கள்.

சரி, குதிரையை நிஜமாகவே எடைபோடும் ஆள் யார்? ஹேண்டிகேப்பர். இந்தச் சொல்லின் கதை அலாதியானது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருவர் பொருளை மாற்றிக்கொள்ளும்போது, மதிப்பு குறைந்த பொருளுக்கு மேல் எவ்வளவு பணம் வைக்க வேண்டும் என்று ஒரு நடுவர் சொல்வார். இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு, சம்மதமா இல்லையா என்று கையாலேயே காட்டுவார்கள். ‘தொப்பிக்குள் கை’ என்பதன் ஆங்கிலம்தான் மருவி ஹேண்டிகேப் ஆனது. பின்னால் அந்த நடுவர் குதிரைப் பந்தயத்துக்கு வந்தார். வலுவான குதிரைக்கு அதிகச் சுமை, நோஞ்சானுக்குக் குறைவு. எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டால் அவர் கணக்கு முழு வெற்றி. 1855-இல் அங்கே பொது ஹேண்டிகேப்பராக வந்தவர் ரவுஸ் என்ற கடற்படை அட்மிரல். அமெரிக்காவில் அதே சொல், குதிரையின் பழைய ஓட்டங்களை ஆராய்ந்து வெற்றியைக் கணிப்பவரைக் குறிக்கிறது. இந்த ஆராய்ச்சிக்கு நம்மூரிலும் மதிப்பு கிடைத்தது: தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த விளையாட்டு என்றது.

கணிப்பும் நோட்டும் ஒருசேரக் கைவிடும் நாளும் உண்டு. 2015-16 இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து தொடங்கும்போது லெஸ்டர் சிட்டி அணி பட்டம் வெல்ல ஒன்றுக்கு 5,000 என்றார்கள். வாய்ப்பு வெறும் 0.02 சதவீதம்! கணக்குப் போட்டு வந்த எண்ணாக எனக்குத் தோன்றவில்லை. ‘யார் கட்டப்போகிறார்கள்’ என்ற அலட்சியம்தான் தெரிகிறது. சில ரசிகர்கள் கட்டினார்கள், லெஸ்டர் ஜெயித்தது.

புக்கியே இல்லாமல் விகிதம் போடவும் வழி உண்டு. எல்லாப் பணத்தையும் ஒரே குவியலாக்கி, நடத்துபவரின் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. 1860-களில் பாரிஸில் இதைக் கொண்டுவந்த ஜோசப் ஒயே, பிற்பாடு மூலான் ரூஜ் கேளிக்கை அரங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இம்முறையில் விகிதத்தைக் கூட்டமே போடுகிறது. தொல்லை என்னவென்றால் கூட்டல்: ஏகப்பட்ட ஜன்னல்களில் விற்கும் சீட்டுகளை, ஓட்டம் தொடங்குவதற்குள் கூட்டியாக வேண்டும். 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், எல்லர்ஸ்லி மைதானத்தில், பியானோ கம்பிகளும் கப்பிகளும் நிறைந்த பெரிய இயந்திரம் ஒன்று இதைச் செய்தது. செய்தவர் ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர். அவர் அதை முதலில் யோசித்தது தேர்தலில் வாக்கு எண்ணுவதற்கு. அரசு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதால், வாக்குச் சீட்டுக்குப் பதில் பந்தயச் சீட்டை எண்ணும்படி மாற்றிவிட்டார்.