கைனெட்டிக் சிற்பம்: இயங்குசிற்பம் என்றே எழுதலாம்

முழுதாகவோ ஒரு பகுதியாகவோ அசையும் சிற்பம் கைனெட்டிக் சிற்பம். காற்றில் அசைந்தாலும் சரி, மோட்டாரில் அசைந்தாலும் சரி. கிரேக்கத்தில் 'கினெய்ன்' என்றால் அசைத்தல். சினிமா என்ற சொல்லுக்கும் இதுதான் வேர். இயற்பியலில் புழங்கிவந்த சொல்லைச் சிற்பத்துக்கு இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் ரஷ்யச் சிற்பி நாவும் காபோ. 1920இல் மாஸ்கோவில் அவரும் அண்ணன் பெவ்ஸ்னரும் வெளியிட்ட அறிக்கையில் 'கைனெட்டிக் லயங்கள்' இடம்பெற்றன.

இந்த வகைச் சிற்பம் ஒன்று 1956இல் நடனத்தோடு மேடையேறியது. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த நிக்கோலா ஷோஃபர் 'சிஸ்ப் 1' என்ற சிற்பத்தைச் செய்தார். எஃகுச் சட்டம், அதில் சுழலும் வண்ணத் தகடுகள், அடியில் சக்கரம் வைத்த பீடம், அதற்குள் பிலிப்ஸ் நிறுவனம் செய்து கொடுத்த மின்னணு மூளை. ஒளிமின்கலங்களும் மைக்கும் சுற்றுப்புறத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நீலம் தென்பட்டால் சிற்பம் முன்னும் பின்னும் நகரும், சட்டெனத் திரும்பும். சிவப்பைக் கண்டால் அடங்கும். நிசப்தம் அதைக் கிளப்பிவிடும், இரைச்சல் அமைதிப்படுத்தும். பிரான்ஸின் மார்செய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிய குடியிருப்பின் மொட்டைமாடியில், மொரிஸ் பெஜாரின் நடனக் குழுவோடு அது ஆடியது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் நிகழ்வு இது.

அப்புறம் 2010இல் மைக்ரோசாஃப்ட் வீடியோ விளையாட்டுக்காக விற்ற கினெக்ட் கருவி வந்தது. பெயரிலேயே அதே கிரேக்க வேர். அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, ஆடுபவரின் தோள், முழங்கை, முழங்கால் இருக்கும் இடங்களை நொடிக்கு நொடி கணிக்கும். நடனக் கலைஞர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில்? பாடநூல்கள் கைனெட்டிக் ஆற்றலை இயக்க ஆற்றல் என்கின்றன. அந்த வழியில் 'இயக்கச் சிற்பம்' தவறில்லை. ஆனால் இயக்கம் என்றதும் கட்சியும் சினிமாவும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. பழைய உரையாசிரியர்கள் நடமாடும் உயிர்களை இயங்குதிணை என்றும் செடிகொடிகளை நிலைத்திணை என்றும் பிரித்தார்கள். அந்த 'இயங்கு' இங்கே அப்படியே பொருந்துகிறது: இயங்குசிற்பம்.

சென்சாருக்கு 'உணரி' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. மோஷன் சென்சார் அசைவுணரி. ஆடுபவரின் அசைவை அறிந்து தானும் அசையும் சிற்பத்தை அசைவுணர் சிற்பம் எனலாம். மோட்டாரில் ஒரே சீராகச் சுற்றுவதற்கு இந்தப் பெயர் பொருந்தாது; அது வெறும் இயங்குசிற்பம். ஷோஃபருடையது நிறம், ஒளி, ஒலி மூன்றையும் உணர்ந்தது. அதை உணர்சிற்பம் என்பதே சரி.