ஈமச்சடங்கு சேவை நடத்துகிறீர்களா? முதலில் எந்தத் தேதியைப் பார்ப்பது

பினாங்கில் ஈமச்சடங்கு சேவை நடத்தும் ஒருவரிடம் "லைசன்ஸ் எப்போது முடியுது?" என்று கேட்டால் ஒரு தேதியைத்தான் சொல்வார். ஆனால் கடைச் சுவரில் தொங்குவது ஒரே ஒரு காகிதம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. ஒன்றைக் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவதில்தான் சிக்கலே.

முதலில் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு. கடை உரிமத்துக்கு அடிப்படையே அதுதான். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வணிகப் பெயர் வைத்திருந்தால் 60. கிளை ஒவ்வொன்றுக்கும் இன்னும் 5. ஒரே தடவையில் 5 ஆண்டு வரை கட்டலாம். வணிகப் பெயருக்கு மொத்தமே 300 ரிங்கிட்தான் வரும். ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும் தொழிலில் இருப்பவர்கள் அப்படிக் கட்டிவிடுவதே நல்லது என்பேன். பதிவு காலாவதியான பிறகும் தொழில் நடத்துவது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி குற்றம். சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது பதிவான தேதி ஆண்டுதோறும் வரும்போது, 30 நாளுக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

இந்தத் தொழில் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது. ஆனால் அப்பா பெயரில் இருந்த பதிவு மகனுக்குத் தானாக வந்துவிடாது. ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் பத்திரம் சரிபார்த்துக் கொடுப்பவர்கள் சொந்த வீட்டில் இதைக் கோட்டை விடுவதுண்டு. அப்பா இருக்கும்போதே மகனைப் பங்குதாரராகச் சேர்த்துவிடுங்கள். மாற்றம் நடந்த 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும்.

அப்புறம் மாநகர் மன்ற உரிமம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு மன்றத்துக்குப் பெரிய அதிகாரம் தருகிறது: நிபந்தனை போடலாம், காரணம் சொல்லாமலேயே புதுப்பிக்க மறுக்கலாம். அதனால் பணம் கட்டுவது மட்டும் போதாது, கடையும் ஒழுங்காக இருக்க வேண்டும். சவப்பெட்டிகளைக் கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் அடுக்கி வைத்துவிட்டு உரிமம் கேட்கப் போகாதீர்கள். உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள். பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கலாம், ஆனால் மலாய்தான் முதன்மையாகத் தெரிய வேண்டும்.

பிரேத வண்டிக்கு ரோட் டேக்ஸும் காப்புறுதியும் தனித் தேதி. சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

அடக்க அனுமதி, உடலைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பும்போது வாங்கும் சுகாதார அனுமதி இரண்டும் புதுப்பிக்கும் கணக்கில் வராது. அவற்றை ஒவ்வொரு சாவுக்கும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.