நயீவ் என்றால் அப்பாவியா?

எச்.ஐ.வி. சிகிச்சை பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்று சரிபார்ப்புக்கு வந்தது. இரண்டாம் பக்கத்திலேயே, 'அப்பாவி நோயாளிகளுக்கு இம்மருந்துகளைத் தொடங்கலாம்' என்றொரு வரி. அப்படியானால் மற்ற நோயாளிகள் குற்றவாளிகளா? ஏற்கெனவே ஊரார் பழியைச் சுமக்கும் நோய் அது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'நயீவ்' (naive). அந்த மருந்துகளை இதுவரை உட்கொள்ளாதவர் என்பதற்கு மேல் அங்கே அதற்குப் பொருளே கிடையாது.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் திருத்திவிட்டுப் போயிருப்பேன். நாவலோ தலையங்கமோ கணினிப் பாடமோ, நயீவ் வந்த இடமெல்லாம் அப்பாவி ஓடிவந்து உட்கார்ந்துகொள்கிறது.

நயீவ் பிரெஞ்சுப் பெயரடை, 'நயீஃப்' என்பதன் பெண்பால் வடிவம். பிறப்போடு வந்தது என்னும் பொருளுள்ள லத்தீன் சொல் அதன் வேர். அந்த வகையில் 'நேட்டிவ்' அதற்கு உடன்பிறப்பு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, செயற்கை கலவாதது என்ற பாராட்டாகத்தான் வந்தது. தெரிந்திருக்க வேண்டியது தெரியவில்லையே என்ற குறை பிறகு ஏறிக்கொண்டது.

அந்தக் குறையைத்தான் அப்பாவி விழுங்கிவிடுகிறது. அப்பாவிக்கு எதிர்ப்பதம் கேட்டால் குற்றவாளி என்போம். நயீவுக்கு எதிர்ப்பதம் விவரமானவன். குண்டுவீச்சில் இறந்தவர்கள் அப்பாவிகள். உலக விவரமெல்லாம் அறிந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஒரு தலைவரின் பொருளாதாரக் கொள்கை நயீவ் என்று விமர்சகர் குத்துகிறார். அதை 'அப்பாவித்தனமான கொள்கை' என்று எழுதினால் குத்து போய்விடுகிறது, தலைவர்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் அவருக்கு முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்துவிட்டார்!

ஆளைச் சொல்லும்போது எனக்குப் பிடித்தது வெகுளி. 'வெகுளி என்றால் சினமல்லவா?' என்று தூய்மைவாதிகள் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான். தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளி உண்டு. குறளின் 31ஆம் அதிகாரமே வெகுளாமை. ஆனால் இன்று 'அவள் வெகுளி' என்றால் கோபக்காரி என்று எவர் காதில் விழுகிறது? நறுமணமாக இருந்த நாற்றத்தையே மூக்கைப் பொத்திக்கொள்ள வைத்த மொழி இது. வெள்ளந்தியும் நல்ல சொல்தான், ஆனால் அதில் அன்பு சற்று அதிகம், திட்டுவதற்குப் பயன்படாது.

கருத்தையோ கொள்கையையோ சொல்வதானால் 'விவரமறியாத' போதும். நயீவ் பேயஸ் என்ற கணினி முறைக்கு 'அப்பாவி பேயஸ்' என்று பெயர் வைத்திருப்பதையும் பார்த்தேன். ஒரு மின்னஞ்சல் குப்பையா இல்லையா என்று கணிக்கும்போது, அதிலுள்ள சொற்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக வருவதாக அந்த முறை வைத்துக்கொள்கிறது. 'பரிசு' வந்தால் 'வென்றீர்கள்' வரவும் வாய்ப்பு கூடும் என்பதை அது கண்டுகொள்வதில்லை. வேண்டுமென்றே எளிதாக்கிய அனுமானம். ஆகவே 'எளிய பேயஸ்'. இதில் பாவபுண்ணியம் எங்கே வந்தது?

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று பட்டியல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவதால் வரும் வினை இது. வாக்கியத்தை முழுதாகப் படிக்கும் பொறுமை இருந்தால் அகராதியே தேவைப்பட்டிருக்காது. அந்த இரண்டாம் பக்கத்தில் 'இம்மருந்துகளை இதுவரை எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு' என்று திருத்தி அனுப்பினேன். 'சொல் கூடிவிட்டதே, ஒரே சொல்லில் கிடைக்காதா?' என்று கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது.