டாக்ஸிக் பேரன்ட்: இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

டாக்ஸிக்ங்கிறது கிரேக்கத்துல இருந்து வந்த வார்த்தை. அங்க டாக்ஸான்னா வில்லு, அம்பு முனையில தடவுற விஷத்துக்கு டாக்ஸிகான்னு பேரு, அது லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்து ரொம்ப காலம் விஷப்பொருளுக்கு மட்டும்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. பெத்தவங்களுக்கு முன்னாடி இது வந்து பரவலா ஒட்டிக்கிட்டது சூசன் ஃபார்வர்டுங்கிற அமெரிக்க தெரபிஸ்ட் 1989ல இதையே தலைப்பா வச்சு புத்தகம் எழுதினதுக்கு அப்புறம். 2018ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரங்க டாக்ஸிக்கைத்தான் அந்த வருஷத்தோட வார்த்தையா எடுத்தாங்க.

கோவத்துல ஒரு நாள் திட்டிட்டா டாக்ஸிக் ஆகிடாது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போற ஒரு பொண்ணை எடுத்துக்கோங்க, சம்பளம் அக்கவுன்ட்ல ஏறின அன்னிக்கே ஏடிஎம் கார்டு நைனா கைக்குப் போயிடுது, அவ பஸ்ஸுக்கு அம்பது ரூபா கேட்டா "சம்பாரிக்கிற திமிரா உனுக்கு, இன்னாத்துக்கு துட்டு"ன்னு கேள்வி, ராத்திரி தட்டுல சோறு போட்டப்புறம் பெரியப்பா பொண்ணோட ஒப்பிட்டுப் பேச்சு, அழுதா "நாடகம் ஆடாதே". இதே தெனமும் நடக்கும், கடைசியில தப்பு நம்ம மேலதான்னு அவளே நம்ப ஆரம்பிச்சிடுவா, அதுதான் டாக்ஸிக்.

இதுக்கு நம்மகிட்ட பேச்சு வழக்கு ஏற்கெனவே இருக்கு. கரிச்சிக் கொட்டுறது, குத்திக் காட்டுறது, சாபம் விடுறது. எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லணும்னா நச்சுங்கிற சொல்தான் சரி. இரும்பு இருப்புப்பாதையில இருப்புன்னு மாறுற அதே இலக்கணத்துலதான் நஞ்சு நச்சு ஆகுது. ஆனா "நச்சுப் பெற்றோர்"னு ஆள் மேல முத்திரை குத்துறதைவிட "நச்சுறவு"ன்னு உறவைச் சொல்றதுதான் எனக்குச் சரின்னு படுது, ஏன்னா பெத்தவங்களை விஷம்னு சொல்ல முடியாமலே நிறைய பிள்ளைங்க வாயைத் தொறக்காம இருக்காங்க. தெரிஞ்சவங்க நஞ்சையே ஊத்தினாலும் நாகரிகம் உள்ளவங்க குடிச்சிட்டு அமைதியா இருப்பாங்கன்னு குறள் 580 சொல்லுது, நம்ம வீடுங்கள்ல அந்த நாகரிகத்தை எப்பவும் பிள்ளைங்ககிட்டதான் கேக்குறாங்க, "பெத்தவதானே, கம்முனு இரு"ன்னு.

இதுல இருந்து மனசு மீண்டு வர்றதை இங்கிலீஷ்ல ஹீலிங்னு சொல்றாங்க, தமிழ்ல அதுக்கு ஆறுதல்னு போடுறாங்க, அது இப்ப பக்கத்துல உக்காந்து தட்டிக் குடுக்குறதுன்னு அர்த்தமாகிடுச்சு. காய்ச்சல் விட்டவங்களை "உடம்பு தேறிடுச்சா"ன்னு கேக்குறோமே, அந்த தேறுதல்தான் பொருத்தம். அது மெதுவா நடக்கிற வேலை. தோல் பதனிடுற டேனரிங்களோட கழிவு பாலாத்துல கலந்த கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு, கெடுத்தவங்கதான் செலவை ஏத்துக்கணும்னு சொல்லுச்சு, ஆனாலும் அந்தக் கழிவுல இருந்து மண்ணுல எறங்கின குரோமியம் உடனே போயிடல. மனசும் அப்படித்தான், மொதல்ல உள்ள வர்றதை நிறுத்தணும்: தனி பேங்க் அக்கவுன்ட், போன்ல பேசுறதுக்கு ஒரு அளவு, முடிஞ்சா வேற ஊர்ல ஹாஸ்டல். மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் யோசிச்சுக்கலாம், மன்னிக்காமலும் தேறலாம்.

வேலூர்க்காரங்களுக்குப் பாகாயத்துல சிஎம்சி மனநல மையம் இருக்கு, அங்க போறவங்க எல்லாம் பைத்தியம்னு இன்னும் பேசுறதைக் கேட்டா எனக்கு மனசு வலிக்குது. நேர்ல போகத் தயக்கமா இருந்தா டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு ஃப்ரீயா போன் பண்ணலாம், தமிழ்லயே பேசுவாங்க. டாக்ஸிக்னு இங்கிலீஷ்ல சொல்லத் தெரியணும்னு இல்ல, "எங்க நைனா என்னை தெனமும் கரிச்சிக் கொட்டுறாரு, எனுக்கு தூக்கம் வரல"ன்னு ஆரம்பிச்சா அவங்களுக்குப் புரியும்.